தலைதீபாவளிக்குக் கொடுத்த ஸ்பீக்கர்

2025 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து இருபது. மழை இல்லை, ஆனால் வானம் மூடியிருந்தது. மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. அந்த நேரத்தில் நான் அடி அண்ணாமலையில், என் மகளின் மாமியார் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் கரகரவென்று உடைவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே மூன்று பேர் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, சமையலறை வாசலில் என் மகள். மூவரும் டிவியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கேட்டீங்களா சம்பந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாங்க ஒண்ணும் சொல்லல. நீங்களே கேட்டுக்குங்க."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பது அந்த அம்மாள் எதைச் சொல்வதற்கு முன்னாலும் சொல்லும் வார்த்தை. பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். "நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது" என்றார். கேட்டிருந்தால் ஒரு கணக்கு இருந்திருக்கும், முடிந்தது என்று ஒரு கோடு போட்டிருக்கலாம். கேட்காதவர்களுக்குச் செய்வதற்கு முடிவே கிடையாது. கல்யாணம் முடிந்து முதல் தீபாவளி வந்தபோது மாப்பிள்ளை என் மனைவியிடம், தன் நண்பன் வீட்டில் ஹோம் தியேட்டர் வாங்கியிருக்கிறார்கள், வீடே அதிர்கிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தலைதீபாவளிச் சீரோடு ஹோம் தியேட்டரும் போனது.

அதை நான் சும்மா வாங்கிவிடவில்லை. முப்பத்தொரு வருடம் நெல் கிடங்கில் கணக்கு எழுதினேன். மூட்டையைத் தைத்திருக்கும் தையலைப் பார்த்தே அது பிரித்துத் தைத்ததா, முதல் தையலா என்று சொல்வேன். கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பெரிய பெட்டி, ரிமோட், வயர்கள் எல்லாவற்றையும் மேஜை மேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் போட்டிருந்த எண்ணைப் பெட்டி மேலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் பணம் கட்டினேன். கடைப்பையன் சலித்துக்கொண்டான். சலித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். இதுவரை ஒரு கடைக்காரனும் என்னை ஏமாற்றியதில்லை. பெருமைப்பட என்னிடம் அதிகம் கிடையாது. இது ஒன்று இருந்தது.

பதினோரு மாதம் அது ஒழுங்காகப் பாடியது. பிறகு இந்த மாதம் வந்த பௌர்ணமியன்று கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்பதைவிட, ஊருக்குத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும்.

சம்பந்தி வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சாதாரண நாளில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கற்பூரம். பௌர்ணமி இரவு மட்டும் கடை தெருவரைக்கும் நீளும். டீ, சுண்டல், வாழைப்பழம், மொட்டு மல்லி எல்லாம் வரும். கூட்டத்தை நிறுத்துவதற்குப் பாட்டு வேண்டும். ஹோம் தியேட்டரைக் கூடத்திலிருந்து தூக்கிவந்து கடை வாசலில் வைத்து, பென் டிரைவில் சிவநாமத்தை விடிய விடிய ஓடவிடுவார்கள். இந்த விஷயம் எனக்கு மகள் மூலமாக முன்பே தெரியும். மாப்பிள்ளை நிம்மதியாகப் படம் பார்க்கட்டும் என்று வாங்கிக் கொடுத்த பொருள் ரோட்டில் நின்று வியாபாரம் செய்கிறது என்று என் மனைவியிடம் குறைப்பட்டேன். "குடுத்தாச்சில்ல, அவங்க அத கெணத்துல போடுவாங்க, உங்களுக்கு இன்னா?" என்றாள்.

இந்தப் பௌர்ணமிக்கு அது பாடவில்லை, இருமியது. நடந்து போன ஒருவன் நின்று, "இன்னாமா, சாமிக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ குடித்தானாம். அதிலிருந்து மாமியார் என் மகளை இடிக்க ஆரம்பித்தார். காலையில் வாசல் தெளிக்கும்போது ஒரு தரம், ராத்திரி சாதம் போடும்போது ஒரு தரம். "உங்க அப்பா செகண்ட் ஹேண்ட்ல புடிச்சி, புது பெட்டில போட்டு குடுத்துட்டாரா?" அவளாக எதுவும் சொல்பவள் இல்லை. தினமும் சாயங்காலம் போனில் கால் மணி நேரம் பேசுகிறவள், நன்றாக இருக்கிறேன் என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடத் தொடங்கினாள். அவள் அம்மா நோண்டி நோண்டிக் கேட்டபோதுதான் அழுதாள். "தீபாவளிக்குள்ள அப்பாவ ஒரு தரம் வந்து பாத்துட்டு போவச் சொல்லும்மா. எல்லாரும் வருவாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுவாங்க."

மாப்பிள்ளையின் அக்காக்கள் இருவர், சித்தப்பா குடும்பம், எல்லாரும் தீபாவளிக்கு அந்த வீட்டில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஸ்பீக்கர் இரும, என் மகள் தட்டோடு நின்று இந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்கு எட்டு நாள் இருந்தது. அரை கிலோ மைசூர்பாகும் ஒரு சீப்பு பழமும் கொஞ்சம் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. போனால் அதற்கு ஒரு பேச்சு வரும்.

போகும்போதே என் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி முழுச் சத்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் அலறவிட்டு ஆம்ப்ளிஃபயரைச் சுட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் அது கருகியிருக்கும். கருகியதைக் காட்டி, மரியாதையாக, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி, வீட்டுக்கு வாங்கினதைக் கடைக்கு வைக்கலாமா என்று மாப்பிள்ளையைக் கேட்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் அந்த வாக்கியத்தை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"மாப்ள, சத்தத்த நல்லா கொறைங்க."

குறைத்தார். பக்கத்தில் பேசுபவர் குரல் அளவுக்கு வந்தது. அப்போதும் கரகரப்பு இருந்தது. எனக்கு முதல் ஏமாற்றம் அதுதான். முழுச் சத்தம் தாங்காமல்தான் குரல் உடைகிறது என்றால், குறைத்ததும் தெளிந்துவிடும். இது சருகு மேல் நடப்பது போல, மெல்ல நடந்தாலும் நொறுங்கியது.

"ஒரு பாட்டு போடுங்க."

பாட்டில் மேளம் நன்றாக இருந்தது. வயலின் நன்றாக இருந்தது. பாடுபவன் வாயைத் திறந்தால் மட்டும் கரகரப்பு. இந்த மாதிரி செட்டில் பேச்சும் பாட்டுக்குரலும் பெரும்பாலும் டிவிக்குக் கீழே வைக்கும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். வாத்தியங்கள் பக்கத்து ஸ்பீக்கர்களுக்குப் பிரிந்து போகும். வாங்குவதற்கு முன் இதையெல்லாம் நான் படித்திருந்தேன். டிவியை விட்டுவிட்டு நேராகப் பென் டிரைவைச் சொருகினேன், அதே கரகரப்பு. டிவி மேல் தப்பில்லை. வயரை ஆட்டிப் பார்த்தேன், பிடுங்கித் துடைத்துத் திரும்பப் போட்டேன், அதே.

"இன்னா சம்பந்தி, டாக்டரு மாதிரி எல்லா எடத்துலயும் அமுக்கி பாக்கறீங்க?" என்றார் அந்த அம்மாள். "வாங்கறப்போ பாத்திருக்கணும் இத."

"வாங்கறப்போவும் பாத்தேன் சம்பந்தியம்மா."

"நாங்க ஒண்ணும் சொல்லலப்பா."

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. பெரிய பெட்டியின் பின்பக்கம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு துளை உண்டு. இடதுபக்க ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கி நடு ஸ்பீக்கரின் துளையில் போட்டேன். டிவிக்கு மாற்றியதும் செய்தி வாசிக்கும் பெண் பளிச்சென்று பேசினாள். மாப்பிள்ளை "அட" என்றார். நடு ஸ்பீக்கரை இடதுபக்கத் துளையில் போட்டு, மறுபடி பாட்டை ஓடவிட்டேன். இதுவரை நன்றாக இருந்த வயலின் இப்போது இருமியது. ஆக, பெட்டி சரி, ஆம்ப்ளிஃபயர் சரி, டிவி சரி, வயர் சரி. நோய் அந்த நடு ஸ்பீக்கருக்குள்தான்.

அந்த நேரம் கடையில் யாரோ கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை போனார், பின்னாலேயே அவர் அம்மாவும் போனார். நான் ஸ்பீக்கரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். முன்பக்கம் கறுப்புத் துணி போர்த்திய ஒரு சட்டம் இருக்கும். நாலு மூலையில் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். இழுத்தேன்.

உள்ளே, கறுப்புக் காகிதக் கூம்பின் நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனம். அதற்கு மேல் குங்குமம்.

பதினொரு நாளைக்கு முன் ஆயுத பூஜை. நான் என் வீட்டில் அரிவாள்மனைக்கும் மிக்ஸிக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தேன், ஊரே வைத்தது. இங்கே ஹோம் தியேட்டர் கடையில் உழைக்கிறது அல்லவா, அதுவும் ஆயுதம் ஆகிவிட்டது. சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தண்ணீராகக் குழைத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்தி வைத்ததில் நடுவிலிருந்த குமிழ் உள்ளே அமுங்கிக் குழிந்திருந்தது. ஈரம் வழிந்து கூம்பின் ஒரு பக்கமெல்லாம் ஊறி, காய்ந்து, அந்தப் பக்கத்தைச் சுருக்கி இழுத்திருந்தது. விரல்நுனியால் கூம்பை லேசாக உள்ளே தள்ளினேன். உள்ளே எதுவோ எதன் மீதோ உரசும் சத்தம் கேட்டது. கோணிய கூம்பு உள்ளிருக்கும் கம்பிச்சுருளைக் காந்தத்தின் மேல் தேய்க்கிறது. துணிச் சட்டத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். குங்குமத் தூள் என் வேட்டியில் கொட்டியது.

என் முதல் நினைப்பு மகளைப் பற்றித்தான். இவள் வைத்திருந்தால்?

சமையலறை வாசலுக்குப் போய் ஸ்பீக்கரைக் காட்டினேன். குரலை இறக்கிக் கேட்டேன்.

"யாரும்மா வெச்சது, நீயா?"

அவள் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள், படித்த பெண். அவள் கண் கடைப்பக்கம் போய் வந்தது.

"அத்தைப்பா. நான் துணி மேல வெக்கறேன்னுதான் சொன்னேன். துணிக்கா பூஜ பண்றோம், பொருளுக்குத்தான பண்றோம்னு சொல்லிட்டு, அவங்களே கழட்டி வெச்சாங்க. இதனாலதான்னு எனக்குத் தோணவே இல்லப்பா."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்காமல் எழுதுகிறேன். ஆறு நாளாக என் மகளை இடித்த வாயை ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடலாம். கையில் சாட்சி இருக்கிறது, சந்தன நிறத்தில். ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் ஓர் அடி வைத்தேன். மகள் என் சட்டையைப் பிடித்தாள்.

"சொல்லாதீங்கப்பா."

"ஏன் சொல்லக் கூடாது? உன்ன இன்னா பேச்சு பேசுனாங்க?"

"நீங்க சொல்லிட்டு ஆட்டோ ஏறிடுவீங்க. நான் இங்கதான இருக்கணும்."

"தப்பு அவங்க பேர்ல..."

"அதனாலதாம்பா சொல்றேன். தப்பு நம்ம பேர்ல இருந்தா நாலு நாள் பேசுவாங்க, அப்பறம் உட்டுடுவாங்க. அவங்க பேர்ல இருந்தா உடவே மாட்டாங்க. சாமிக்கு வெச்ச பொட்ட உங்க அப்பா குத்தம் சொல்லிட்டாருன்னு, நான் கெழவியாவற வரைக்கும் கேக்கணும்."

முப்பத்தொரு வருடம் கிடங்கில் இருந்த எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. கல்யாணமாகி ஒன்றேகால் வருடத்தில் அவள் கற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவள் இப்படிப் பேசியதில்லை. எங்களோடு இருந்தவரை, மளிகைக் கடைக்காரன் பாக்கியில் ஒரு ரூபாய் குறைத்தாலும் திரும்பிப் போய்க் கேட்டு வாங்கி வருவாள். என்னிடமிருந்து வந்த குணம் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பெண்ணைத்தான் இந்த வீடு இப்படி ஆக்கி வைத்திருக்கிறது என்று நினைத்து மறுபடி கடைப்பக்கம் திரும்பினேன். ஆனால் அவள் விரல்கள் என் சட்டையை விடவில்லை.

வேட்டியில் கொட்டிய குங்குமத்தைத் தட்டினேன். துணிச் சட்டத்தைத் திரும்பப் பொருத்தினேன். கடையிலிருந்து அவர்கள் வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா மாமா, கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை. பாவம், அவர் சும்மாதான் கேட்டார். அவர் எப்போதும் எதையும் சும்மாதான் கேட்பார்.

"நடு ஸ்பீக்கர்தான் மாப்ள. பொருள்லயே கோளாறு. கம்பெனியிலயே அப்படி வந்திருக்கு. நான் எடுத்துட்டுப் போறேன். தீபாவளிக்குள்ள சரி பண்ணி தந்துடறேன்."

"நான்தான் அன்னிக்கே சொன்னனே," என்றார் அந்த அம்மாள். மகனிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் இரக்கமாக, "உடுங்க சம்பந்தி. வயசானவரு, கடைக்காரன் உங்கள ஏமாத்திட்டான். அவனுங்களுக்கு இன்னா, ஆளப் பாத்துத்தான் குடுப்பானுங்க."

ஆமாம் என்றேன். என் வாயால் சொன்னேன்.

ஒரு மஞ்சள் பையில் ஸ்பீக்கரைப் போட்டு மகள் என் கையில் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பசியில்லை என்றேன்.

மறுநாள் காலை சன்னதித் தெருவுக்குப் பின்னால் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். பார்ப்பதற்கே நூறு ரூபாய் என்று கடைக்காரர் முதலில் வாங்கி வைத்துக்கொண்டார். சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார். காகிதமும் சேர்ந்து உரிந்து வந்தது. கோயில் திருவிழாக்களுக்குப் போகும் பெரிய ஸ்பீக்கர் என்றால் கூம்பும் சுருளும் மாற்றிக் கட்டித் தருவாராம். இந்தச் சின்ன அளவுக்கு இங்கே சாமான் கிடைக்காது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், தீபாவளி கழித்து வாருங்கள் என்றார். தீபாவளி கழித்து எனக்கு எதற்கு?

அங்கிருந்து வாங்கிய கடைக்கே போனேன். வாரண்டி முடிய இன்னும் நாள் இருந்தது. ரசீது பிளாஸ்டிக் உறையில் புதிது போல இருந்தது. கவுன்ட்டரில் இருந்தவன் துணிச் சட்டத்தைக் கழற்றியதும் சிரித்தான். பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அய்யா, ஆயுத பூஜ முடிஞ்சா எங்களுக்கு இதான் வேல. ஒருத்தர் டிவி ஸ்கிரீன்லயே பட்ட போட்டு, பொட்டு வெச்சி எடுத்துட்டு வந்தாரு. வழிஞ்சி உள்ள போயிருச்சி. இதுக்கெல்லாம் வாரண்டி வராதுங்க. நாம பண்ண டேமேஜ்."

"தனியா இந்த ஸ்பீக்கர் மட்டும் கெடைக்குமா?"

"செட்டாத்தான் வரும். தனியா வேணும்னா கம்பெனிக்கு எழுதிப் போடணும், மாசக்கணக்காவும். அந்த மாடலே இப்ப வர்றதில்ல." பிறகு என் நரைத்த தலையையும் ரசீது உறையையும் பார்த்துவிட்டு, "படிச்சவரு மாதிரி கீறீங்க. நீங்களா வெச்சீங்க இத?" என்றான்.

வேறு யார் பெயரைச் சொல்வது? "நான்தான்" என்றேன். இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள். போன வருடம் இதே மேஜையில் எண்ணெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்த கிழவன் என்று அவர்களுக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. இல்லாமலிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே கேட்டாள்.

"பேசாம சொல்லிட வேண்டியதுதான? நீ வெச்ச பொட்டுதான்டியம்மான்னு?"

"உம் பொண்ணுதான் சட்டையப் புடிச்சிக்கிட்டா."

கிளறுவதை நிறுத்தினாள். அடுப்பை அணைத்தாள். பிறகு, "அப்ப புதுசு வாங்கிக் குடுத்துடுங்க" என்றாள். இதுவரை எந்தச் செலவுக்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. வாசலில் இரும்பு கேட் போடுவதற்காகத் தபால் நிலையத்தில் போட்டிருந்த பணத்தை எடுத்தேன். கேட் இல்லாமல் இத்தனை வருடம் இருந்தாயிற்று. இந்த முறை கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லவில்லை. எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டுத் தூக்கிவரச் சொன்னேன். கடைப்பையன்தான், "ஓட்டி பாக்க வேணாமா அய்யா?" என்று கேட்டான்.

சனிக்கிழமை தனி ஆட்டோ பேசி, பெட்டியை மடியிலும் காலிலும் தாங்கிக்கொண்டு, ஒரு கிலோ இனிப்போடும் பழத்தோடும் அடி அண்ணாமலைக்குப் போனேன். முந்தின ராத்திரி மழை பெய்து பாதையெல்லாம் சேறாக இருந்தது. மாப்பிள்ளை ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "எதுக்கு மாமா முழு செட்டு, அந்த ஒண்ணு மாத்தினா போதாதா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கடைக்காரன் தப்பு தன் மேல்தான் என்று ஒத்துக்கொண்டு முழுசாக மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னேன். ஏமாந்தவன் என்ற பெயராவது போகட்டும் என்று நினைத்தேன்.

"பழச அவன் திருப்பி கேக்கலியா?" என்றார் அந்த அம்மாள் உடனே.

"கேக்கல."

"அப்போ அது கெடக்கட்டும். கடைக்கு ஆவும்."

கூடத்தில் பெட்டியைப் பிரித்து, ஐந்து ஸ்பீக்கரையும் தரையில் வரிசையாக வைத்தோம். புதுப்பொருள் வீட்டுக்குள் வந்தால் பொட்டு வைக்காமல் ஓட்ட மாட்டார்கள். அந்த அம்மாள் உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மகள் சமையலறை வாசலிலேயே நின்றாள். இப்போது அந்தத் துணிச் சட்டத்தைக் கழற்றினால் நான் என்ன சொல்லித் தடுப்பது? கழற்றாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதைச் சொல்லாமலிருக்கத்தான் இவ்வளவும். நானே வைக்கிறேன், கொடுங்கள் என்று கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். முதல் ஸ்பீக்கரைக் கையில் எடுத்தார். திருப்பினார். பின்பக்கம், மரப்பலகையில், சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். அடுத்ததையும் அப்படியே திருப்பினார். ஐந்தையும் அப்படித்தான். சந்தனம் கெட்டியாக இருந்தது, வழியவில்லை. துணிப்பக்கம் அவர் விரலே போகவில்லை.

"இன்னாம்மா, முதுகுல வெக்கற?" என்றார் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே. "அன்னிக்கி முன்னாடிதான வெச்ச?"

"மூஞ்சில வெச்சா தொடச்சிக்கினே இருக்கணும்டா. யாருக்கு நேரம் கீது?"

சொல்லும்போது அவர் மகனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் சொல்லவில்லை. மகள் சொல்லவில்லை, பிறகு தனியாகக் கேட்டேன், அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி இல்லை என்றாள். ஆனாலும் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் மஞ்சள் பையில் எடுத்துப் போன பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டாரா, அல்லது பௌர்ணமி இரவே தெரிந்துதான் என் மகளைக் காலையும் ராத்திரியும் இடித்தாரா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. முதலாவது என்று நினைத்துக்கொள்ள முயன்று பார்க்கிறேன். பாதி நாள் முடிகிறது.

வயர்களைப் போட்டு ஓட்டினோம். செய்தி வாசிக்கும் பெண் ஒரு பிசிறில்லாமல் பேசினாள். மாப்பிள்ளை திருப்தியாகத் தலையாட்டினார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் கீது," என்றார். "பழசு நல்லா கணீர்னு இருந்துச்சி. நாங்க ஒண்ணும் சொல்லல."

மகள் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, அந்த வீட்டுக்கு ஏற்ற சிரிப்பு. கடை வாசல்வரை வந்து, "பாத்து போங்கப்பா, சேறா கீது" என்றாள். ஷேர் ஆட்டோ கிளம்பும்வரை நின்றாள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு என்று. புது செட், இரண்டு முறை வாங்கிய இனிப்பும் பழமும், ஆட்டோக்கள், பழுதுக் கடையில் பார்த்ததற்குக் கொடுத்த நூறு, எல்லாம் சேர்த்துச் சொன்னேன்: பதினெட்டாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.